எட்டுப் பல்லும் நாற்பத்துமூன்று பல்லும்: ஒரு மொறிஸ் மைனரின் கதை

பதிவு போட்டுக் கன நாளாகிவிட்டது. சோதனை, அசைன்மென்ட் எண்டு சாட்டுச் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம் பெரியப்பாவின் கார் :-)

பெரியப்பா லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஹயர் ஓடியவர். இங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்குமே, அந்த மொடல். ஊரில் அவர் ஓடியதும் அதே மொடல்தான். தெருவில் போகிற வெள்ளைக்காரருக்கு அது ஒரு பழைய அழகான கார். பெரியப்பாவுக்கு அது "என்ரை கார்". அவ்வளவுதான்.

பிரச்சினை என்னவென்றால், அவருடைய மகள் லெஸ்ரரில் இருக்கிறா. பேரப்பிள்ளையைப் பார்க்க மாதம் ஒருக்கா இந்தக் காரிலேயே போகவேணும் என்பது மனுசனின் ஆசை. எம்1 மோட்டர்வேயில் 50 மைல் வேகத்துக்கு மேலே மிதித்தால் எஞ்சின் கத்துகிற கத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேளாது. பின்னாலே லொறிக்காரர் வந்து முட்டுகிற மாதிரி நிற்பார்கள்.

"தம்பி, நீ எஞ்சினியரிங்தானே படிக்கிறாய். பின்னச்சை மாத்தச் சொல்லி எல்லாரும் சொல்லுறாங்கள். எந்தப் பல்லுப் போடலாமெண்டு பாத்துச் சொல்லு. நான் இன்னும் எத்தினை வருசம் ஓடப்போறன்?" என்றார்.

சின்ன வேலைதானே என்று கணக்குப் போடத் தொடங்கினேன். ஆனால் அந்த எண்ணைத் தோண்டத் தோண்ட உள்ளே இருந்து ஒரு நாட்டின் சரித்திரமே வந்தது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கணக்குப் பிடிக்காதவர்கள் ஓடவேண்டாம். பெருக்கல் மட்டும்தான் வரும் :-)

எண் எங்கே இருக்கிறது?

பழைய கார்களில் எஞ்சின் முன்னாலே, உந்துகிற சில்லு பின்னாலே. நீளமாக ஒரு தண்டு பின்பக்கம் வந்து, பின்னச்சின் நடுவில் இருக்கிற உருண்டைப் பெட்டிக்குள் நுழையும். அதுதான் டிபரன்சியல். வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூட தூரம் ஓடவேணும், உள்பக்கச் சில்லு குறைய ஓடவேணும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது அதன் முதல் வேலை. 1820களின் கடைசியிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதைச் செய்துவிட்டார்.

இரண்டாவது வேலைதான் நம்முடைய கதை. தண்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்லுச்சில்லு. அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்லுச்சில்லைச் சுற்றும். பெரியதின் பல்லைச் சின்னதின் பல்லால் பிரித்தால் வருவதுதான் பின்னச்சு விகிதம். பெரியப்பாவின் காரில் 43 பல்லும் 8 பல்லும். பிரித்தால் 5.375. அதாவது ரொப் கியரில் எஞ்சின் 5.375 தடவை சுற்றினால்தான் பின்சில்லு ஒரு தடவை சுற்றும்.

எண் கூடினால் இழுவை கூடும், எஞ்சின் வேகமாகச் சுற்றவேண்டி வரும். எண் குறைந்தால் எஞ்சின் ஆறுதலாகச் சுற்றும், இழுவை குறையும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. சைக்கிளில் கியர் மாற்றி மேடு ஏறியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மைனரின் சில்லு ஒரு மைலுக்கு ஏறக்குறைய 880 தடவை சுற்றுகிறது. மணிக்கு 60 மைல் என்றால் நிமிசத்துக்கு ஒரு மைல். எனவே 60 மைல் வேகத்தில் எஞ்சினின் சுற்று வேணுமென்றால் 880ஐப் பின்னச்சு எண்ணால் பெருக்கினால் போதும். 880 பெருக்கல் 5.375, கிட்டத்தட்ட 4,730. அந்த 803 சிசி எஞ்சின் தன்னுடைய முழு வலுவான 30 குதிரைவலுவைத் தருவது 4,800 சுற்றில். அதாவது 60 மைலில் போகும்போது அந்தச் சின்ன எஞ்சின் தன் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. கத்தாமல் என்ன செய்யும், பாவம்.

அப்படியானால் இதை வடிவமைத்தவர்கள் முட்டாள்களா? இல்லை. இந்தக் கார் பிறந்தபோது பிரித்தானியாவில் மோட்டர்வே என்று ஒன்றே இருக்கவில்லை.

1948: பங்கீட்டுப் பெற்றோல் காலம்

மொறிஸ் மைனர் முதன்முதலில் காட்டப்பட்டது 1948 ஒக்ரோபரில், லண்டன் ஏள்ஸ் கோர்ட் மோட்டர் கண்காட்சியில். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959இல் மினியைத் தந்த அதே மனுசன்தான்.

யுத்தம் முடிந்து மூன்று வருசமாகியும் பெற்றோல் கூப்பனுக்குத்தான். பங்கீடு நின்றது 1950 மே மாதத்தில். கிடைத்த பெற்றோலும் திறமானது இல்லை. 1939இல் எல்லாக் கம்பனிகளின் பெற்றோலையும் ஒன்றாக்கி "பூல்" என்ற ஒரே பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அதன் ஒக்ரேன் எண் 70ஐ ஒட்டித்தான். கம்பனிப் பெயர்களோடு நல்ல பெற்றோல் திரும்பி வந்தது 1953இல்.

ஒக்ரேன் குறைந்த பெற்றோலை எஞ்சினுக்குள் இறுக்கி அமுக்க முடியாது. அமுக்கினால் நேரத்துக்கு முன்னரே வெடித்து "டிக் டிக்" என்று தட்டும். ஆகவே அமுக்க விகிதத்தைக் குறைவாக வைத்தார்கள். அமுக்கம் குறைந்தால் வலு குறையும்.

இதோடு ஒரு வரிக் கதையும் இருக்கிறது. 1921 முதல் அங்கே கார் வரி "குதிரைவலு"க் கணக்கில். ஆனால் அந்தக் குதிரைவலு உண்மையான வலு இல்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துப் போட்ட ஒரு கணக்கு. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது அதில் இல்லை. சனம் என்ன செய்யும்? விட்டம் ஒடுங்கின, நீளமான சிலிண்டர்களைச் செய்தார்கள். முதல் மைனரில் இருந்த 918 சிசி எஞ்சின் அந்தக் காலத்து வாரிசு: விட்டம் 57 மில்லிமீற்றர், ஓட்டம் 90 மில்லிமீற்றர். மொறிஸ் எயிட் என்ற பழைய காரில் இருந்து எடுத்துப் போட்டது. மைனருக்கென்று இசிகோனிஸ் வேறு எஞ்சின்தான் யோசித்திருந்தார். அது கைவிடப்பட்டது. அந்த வரி முறையும் மைனர் வருவதற்கு முன்னரே போய்விட்டது. ஆனால் பழைய வரிக்காகச் செய்த எஞ்சின் புதுக்காரில் ஏறிவிட்டது.

27.5 குதிரைவலு, மெல்லச் சுற்றுகிற எஞ்சின். அதற்குப் போட்ட பின்னச்சு 41க்கு 9, அதாவது 4.55. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கோ. கடைசியில் திரும்பி வரும்.

1952: கூட்டுக் குடும்பமும் 5.375உம்

1952இல் பரம எதிரிகளாக இருந்த ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டர் கோப்பரேசன் ஆனார்கள். கலியாணம் கட்டினால் சாமான்களைப் பங்கு போடத்தானே வேணும்? ஒஸ்ரின் ஏ30 என்ற குட்டிக் காரின் 803 சிசி எஞ்சினைத் தூக்கி மைனருக்குள் வைத்தார்கள்.

வால்வு மேலே இருக்கிற நவீன எஞ்சின்தான். ஆனால் அளவில் சின்னது. அதைவிடப் பாரம் குறைந்த ஏ30க்காகச் செய்தது. மைனரோ அகலமான, பாரமான கார். 1953இல் மரச்சட்டம் போட்ட ட்ரவலரும் வானும் வேறு வந்து சேர்ந்தன. சின்ன எஞ்சின், பெரிய சுமை. தீர்வு என்ன? பின்னச்சில் எண்ணைக் கூட்டு. அப்படி வந்ததுதான் 5.375.

அப்போதைய தெருக்களுக்கு அது சரியாகவே இருந்தது. ஊருக்குள்ளே வளைந்து வளைந்து போகிற ஒடுங்கின தெரு, முன்னால் ஒரு பால்வண்டி, பிறகு ஒரு மேடு. 40 மைல் வேகம் தாராளம். மேட்டில் கியர் மாற்றாமல் ரொப்பிலேயே ஏறுவதுதான் நல்ல காருக்கு அடையாளம் என்று நினைத்த காலம்.

1959: தெரு நீண்டபோது எண் குறைந்தது

1956இல் மைனர் 1000 வந்தது. 948 சிசி, 37 குதிரைவலு. நல்ல பெற்றோல் வந்துவிட்டதால் அமுக்கத்தையும் 7.2இல் இருந்து 8.3க்குக் கூட்டினார்கள். பின்னச்சு திரும்பவும் 4.55.

1958 டிசம்பரில் பிரெஸ்ரன் புறவழி திறந்தது. அதுதான் பிரித்தானியாவின் முதல் மோட்டர்வே. 1959 நவம்பர் 2ஆம் திகதி எம்1இன் முதல் பகுதி. அன்றைக்கு அதில் வேகக் கட்டுப்பாடே கிடையாது! 70 மைல் எல்லை தற்காலிகமாக வந்தது 1965 டிசம்பரில், நிரந்தரமானது 1967இல். சந்தியோ மேடோ இல்லாமல் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுவது என்பது அதுவரை சாதாரணக் கார்க்காரர் காணாத விசயம். ஐந்து நிமிசம் கத்தினால் தாங்குகிற எஞ்சின் ஒரு மணித்தியாலம் கத்தினால் தாங்குமா?

1962இல் 1098 சிசி, 48 குதிரைவலு எஞ்சின் வந்தது. பின்னச்சு 38க்கு 9, அதாவது 4.22. இப்போது 60 மைலில் எஞ்சின் 3,715 சுற்றுத்தான். 1954ஆம் ஆண்டுக் காரை விட ஆயிரம் சுற்றுக் குறைவு.

4.55, 5.375, 4.55, 4.22. பார்த்தால் வெறும் எண்கள். ஆனால் பெற்றோல், வரி, கம்பனிக் கலியாணம், மோட்டர்வே எல்லாம் அந்த எண்ணெய்ப் பெட்டிக்குள் கிடக்கின்றன.

இடையில் கொஞ்சம் யாழ்ப்பாணம்

இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப தொண்ணூறிலை நாங்கள் மண்ணெண்ணெயிலை ஓடினது எப்பிடியெண்டு விளங்குதோ?" என்று கேட்டார்.

1990இல் திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. இருந்த சொட்டுப் பெற்றோலும் யானை விலை. அந்த நாளில் ஊரை இழுத்தது பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும்தான். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வெள்ளைப் புகை, உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் மணம். என் வயதுக்காரருக்கு அது கேட்ட கதை. பெரியப்பாவுக்கு அது தொழில். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிப் போனதும் அப்படித்தான்.

புதுக் கார்கள் மண்ணெண்ணெயில் சண்டித்தனம் செய்ய, இந்தக் கிழட்டுக் கார்கள் மட்டும் ஏன் ஓடின? விடை மேலேயே இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. அதை அதிகம் அமுக்க முடியாது. யுத்த காலத்துப் "பூல்" பெற்றோலுக்குப் பழகின நாட்டில் செய்த எஞ்சினில் அமுக்கமும் குறைவுதான். ஒரு யுத்தத்தின் தட்டுப்பாட்டுக்கென்று செய்த எஞ்சின், நாற்பது வருசம் கழித்து இன்னொரு யுத்தத்தின் தட்டுப்பாட்டில் கை கொடுத்திருக்கிறது.

5.375உம் அங்கே குறையாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணம் தட்டையான நிலம், ஆனால் தெரு முழுக்கக் குண்டும் குழியும். காருக்குள் பத்துப் பேர், மேலே மூட்டை. 30 மைலுக்கு மேலே போக வழியுமில்லை. மண்ணெண்ணெயில் வலு குறைந்த எஞ்சினுக்கு அந்த இழுவை ஒரு வரம்.

சரி, எந்தப் பல்லு?

கராஜில் கேட்டாலும் பழைய கார்ப் பிரியர்களைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில்: "4.22 போடு." இன்னும் சிலர் எம்ஜி மிட்ஜெற்றில் இருந்து 3.9 அல்லது 3.7 எடுத்துப் போடச் சொல்வார்கள். 1098 எஞ்சினோ அதைவிடப் பெரியதோ வைத்திருப்பவருக்கு அது நல்ல புத்திமதி. 803க்கு?

எஞ்சினின் முறுக்குவிசையை (இறாத்தல் அடிக் கணக்கில்) பின்னச்சு எண்ணால் பெருக்கிப் பார்த்தேன். ரொப் கியரில் சில்லுக்குப் போகிற இழுவை அது:

1948, 918 சிசி: 39 பெருக்கல் 4.55 = 177
1952, 803 சிசி: 40 பெருக்கல் 5.375 = 215
1956, 948 சிசி: 50 பெருக்கல் 4.55 = 228
1962, 1098 சிசி: 60 பெருக்கல் 4.22 = 253

கவனித்தீர்களா? 1952க்குப் பிறகு கம்பனிக்காரர் பின்னச்சு எண்ணைக் குறைத்த ஒவ்வொரு முறையும் எஞ்சினை முதலில் பெருப்பித்துவிட்டுத்தான் குறைத்தார்கள். இழுவை ஒருபோதும் இறங்கவில்லை. எஞ்சினை மாற்றாமல் 4.22ஐ மட்டும் போட்டால் 40 பெருக்கல் 4.22 = 169. ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடும். 1948 காரை விடவும் சோர்வு. எம்1இல் ஒரு சின்ன ஏற்றம் வந்தாலும் மூன்றாம் கியர். அப்போது எஞ்சின் முன்னரைவிடக் கூடக் கத்தும். 3.7 போட்டால் ரொப் கியர் வெறும் அலங்காரம்.

4.55 போட்டால்? 40 பெருக்கல் 4.55 = 182. முதல் மைனருக்கு இருந்த 177ஐ விடக் கொஞ்சம் கூட. அதாவது 1948இல் சனம் குடும்பத்தோடு நாடு சுற்றின அதே இழுவை. 55 மைலில் சுற்று 4,340இல் இருந்து 3,670 ஆகும். லொறிகளை இங்கே 56 மைலுக்கு மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஓட அது போதும்.

4.55 என்று சொன்னேன்.

செய்யப் போகிறவர்களுக்கு மூன்று விசயம். ஒன்று, கிரவுன் வீலும் பினியனும் சோடி சேர்த்து உரசிப் பொருத்தினவை. ஒன்றை இங்கே, மற்றதை அங்கே வாங்கிச் சேர்த்தால் ஊளையிடும். முழு டிபரன்சியலாக வாங்கவேணும். கிரவுன் வீலில் பல்லு எண்ணிக்கை அடித்திருக்கும், பார்த்து வாங்குங்கோ. பாதியச்சு பொருந்துமா என்பதையும் முதலே பார்க்கவேணும். இரண்டு, வேகமானி கியர்ப் பெட்டியில் இருந்துதான் ஓடுகிறது. அதற்குப் பின்னச்சு மாறினது தெரியாது. 5.375க்குச் செய்த மீற்றர், 4.55 போட்ட பிறகு 30 என்று காட்டும்போது உண்மையில் ஓடுவது 35. கமராவுக்கு இந்த நியாயமெல்லாம் விளங்காது. மீற்றரைத் திருத்த வேணும். மூன்று, கழற்றின பழையதை எறியவேண்டாம்.

மூன்றாவதை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கழற்றின 5.375ஐப் பெரியப்பா துடைத்து, எண்ணெய் பூசி, பழைய சாரத்தால் சுற்றிக் கராஜ்த் தட்டில் வைத்துவிட்டார்.

போன ஞாயிறு இரண்டு பேரும் லெஸ்ரருக்குப் போனோம். எம்1இல் 55 மைல். பேசினால் கேட்டது! இரண்டு ஏற்றத்தில் மூன்றாம் கியர் போட்டார், அதையும் முகம் சுளிக்காமல்தான். போகும்போது பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பயம். திரும்பி வந்து காரை நிற்பாட்டின பிறகுதான் சொன்னார்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா இது இஞ்சத்தைக் கார் தம்பி. மற்றச் சத்தம்தான் ஊர்ச் சத்தம்."

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. நான் சுற்றையும் இழுவையையும் கணக்குப் போட்டேன். சத்தத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு அவரே, "பரவாயில்லை. பேரனுக்கு ஒருக்கா ஊர்ச் சத்தம் காட்டோணுமெண்டால், உதிலை சாரத்துக்குள்ளை கிடக்குதுதானே. ஒரு சனிக்கிழமை வேலை" என்று தட்டைக் காட்டிச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓடின பழைய கார் ஏதாவது இருந்ததா? மண்ணெண்ணெய்க் கார்க் கதைகள் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் பின்னூட்டத்தில் எழுதுங்கோ. பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டவேணும்.